மருந்தின் பெயர்: சொல்ல மறுப்பு

பதிவேடு என் மடியில் விரிந்து கிடக்கிறது. எதிரே, சுவரில் ஒட்டாமல் மரக்கட்டைகள் மேல் அடுக்கிய பத்து மூட்டை விதை உளுந்து. வீட்டில் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தார்கள். கூடத்தில் ஒரு தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் காய்ந்த குச்சித் துண்டுகளைக் கோத்த மாதிரி ஏதோ ஒரு காப்பு.

படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று. கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. "விதையில கலந்த மருந்து பேர் சொல்லுங்க, எழுதணும்" என்றேன்.

உளுந்தை வைத்திருந்த அனந்தமதி தூளியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "பேர் சொல்லாதது" என்றார்.

"என்னது?"

"அதாங்க. பேர் சொல்லாதது."

இதற்கு மேல் ஒரு மனுஷனை எப்படி அவமானப்படுத்துவது? பேனாவை அழுத்திப் பிடித்து, "மருந்தின் பெயர்" என்ற கட்டத்துக்கு எதிரே, "சொல்ல மறுப்பு" என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது.

சென்ற வாரம் மழையில் நனைந்த நெல் விதையை நான் காப்பாற்றிய கதையைப் படித்துவிட்டு, வேலூர் வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "நீங்கள் தப்பே செய்யாத ஆள் போல எழுதுகிறீர்களே" என்று கேட்கிறார். அம்மா, இந்த வாரம் முழுக்க உங்களுக்காகத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி

ஆரணிக்கு நான் வேலைக்கு வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தேன். சென்னையில் பிறந்து, வேளாண்மை படித்து, பூச்சிகளின் லத்தீன் பெயர்களைத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய ஆள். சுற்றுப்பட்டு விவசாயிகள் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன விதைக் குழு என்னைக் கிடங்குப் பொறுப்பாளராக வைத்துக்கொண்டது.

கிடங்கு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நெசவாளர் தெருவில் தனசேகர் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள், அவ்வளவுதான். பின்பக்கம் அவரும் மனைவி மல்லிகாவும் பட்டு நெய்தார்கள். நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரைவரை போகாது, மேலே ஒரு முழம் இடைவெளி. அங்கே தறி சத்தம் நின்றால் இங்கே எனக்கு மணி ஒன்று என்று தெரியும். இங்கே நான் தும்மினால் அங்கிருந்து மல்லிகா, "தூசிங்களா சார்?" என்பார்.

ஆரணியைப் பட்டு என்று சொல்பவர்களும் உண்டு, அரிசி என்று சொல்பவர்களும் உண்டு. அந்த ஒரு முழ இடைவெளியில் இரண்டும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தன. இது பின்னால் எனக்குப் பெரிய உதவியாக ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது. முதலில் உபத்திரவமாகத்தான் ஆயிற்று.

எனக்கு மாத்திரை மேல் கிட்டத்தட்ட பக்தி. காய்ச்சல் மாத்திரை இல்லை. தானிய மூட்டைகளுக்கு நடுவே வைத்து, தார்ப்பாய் போட்டு இழுத்து மூடினால் நச்சுக் காற்று கிளம்பும். வண்டு, புழு, முட்டை, எல்லாம் காலி. ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் அதை வைக்கவே கூடாது என்பது எனக்குப் பாடமாகவே தெரியும். தார்ப்பாயை நன்றாக மூடினால் போதும் என்று நினைத்தது என் திமிர்.

வைத்த அன்றே சாயந்திரத்துக்குள் பின்பக்கம் எல்லாருக்கும் தலை சுற்றியது. மல்லிகாவுக்கு எதுவோ சரியில்லை என்று பட்டு, வீட்டில் இருந்தவர்களைச் சட்டென்று தெருவுக்குக் கூட்டி வந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது அவர் புத்திசாலித்தனம், என் புண்ணியமில்லை. மூன்று நாள் அவர்கள் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள்.

திரும்பி வந்த தனசேகர் சத்தம் போடவில்லை. "சார், முகூர்த்தப் பொடவ ஒண்ணு பாதியில தறியில நிக்குது. உங்க வண்டு செத்துச்சா இன்னான்னு எனக்குத் தெரியாது. எங்க உசுரு போவப் பாத்துது. இனிமே இந்த பேஜாரு இங்க வேணாங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வண்டுக்கு வாடகை

மாத்திரை இல்லையென்றால் விதையை எங்கே, எப்படி வைப்பது? குழு கூடிப் பேசியது. தலைவர் ராஜமாணிக்கம் கண்ணமங்கலம் பக்கத்துக்காரர். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர், பேச்சில் சிக்கனம். வேறு கட்டடம் பார்க்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அனந்தமதி எழுந்தார்.

அவருக்கும் என் வயதுதான் இருக்கும். திருமலைக்குப் போகிற வழியில் ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் செய்யும் சமணக் குடும்பம். பி.காம். முடித்துவிட்டு, அப்பா போன பிறகு தம்பியோடு சேர்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டார். ஆரணிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பட்டு உடுத்தாத பெண்ணை நான் பார்த்தது அவரைத்தான். புழுவை வேகவைத்து எடுப்பது அவருக்கு ஒப்பவில்லை. நெய்கிறவர்கள் மேல் கோபமா என்று ஒருமுறை கேட்டேன். அவங்க தொழில் அவங்களுக்கு என்று முடித்துவிட்டார்.

அவருடைய சங்கடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குழுவுக்கு உளுந்து விதை வளர்த்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் கொடுத்த விதையின் மேல் மாத்திரை வைக்கிறோம் என்றதிலிருந்து அவருக்கு மனசு ஒப்பவில்லை. விதை வளர்ப்பதை விடவும் மனசில்லை.

"இந்த வருஷம் எங்க வூட்லயே வச்சுக்கறேன். மாத்திர இல்லாம வச்சுக் காட்டறேன்" என்றார்.

பின்னாலிருந்து ஒருவர், உங்களுக்குத்தான் பூச்சியைக் கொல்லக் கூடாதே, வண்டுக்கு வீடு வாடகைக்கு விடப்போகிறீர்களா என்று கேட்க, கூட்டமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அனந்தமதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "கொல்ல மாட்டேன். வர விடமாட்டேன். இந்த ஒரு தடவ குடுங்க. தேறலன்னா அப்புறம் விதப் பேச்சே எடுக்க மாட்டேன்."

தலைவர் சம்மதித்தார். பங்குனியில் அடித்த உளுந்து, ஆடிப் பட்டத்துக்குக் குழுவில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் போக வேண்டியது. நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

பொழுது சாய்வதற்குள்

உளுந்து வண்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளி மாதிரி முட்டை வைக்கும். புழு தோலைத் துளைத்து உள்ளே போய், பருப்பைத் தின்று, உள்ளேயே வண்டாகி, வட்டமாகக் கதவு வெட்டிக்கொண்டு வெளியே வரும். நீங்கள் வண்டைப் பார்க்கும்போது பயறு ஏற்கெனவே கூடு. ஒரு மூட்டையில் பத்து வண்டு போதும், நாலு மாதத்தில் மூட்டையே மாவு.

ஆனி மாதக் கடைசியில் அனந்தமதி வீட்டுக்குப் போனேன். வண்டு இருக்கும் என்று நிச்சயமாக நம்பித்தான் போனேன். ஒவ்வொரு மூட்டையாகப் பிரிக்கச் சொன்னேன். மேலே, நடுவே, அடியே என்று கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். வெயிலில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. பயறு கருகருவென்று பளபளத்தது. மேலே லேசாக ஒரு பொடி பூசினாற்போல் ஒட்டியிருந்தது. அதில் வேப்பிலை வாசனை தெரிந்தது. அதையும் மீறி இன்னொரு வாசனை, காரமும் இனிப்புமாக. எங்கேயோ முகர்ந்த வாசனை, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை.

அவர் செய்த வேலையைச் சொன்னால் மூச்சு வாங்கும். அறுவடையான பயற்றை மூன்று வெயில் காயவைத்து, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் இன்னொரு வெயில். பழைய சாக்கு உதவாது, வெந்நீரில் அலசிக் காயவைத்த சாக்கு. வேப்பிலையை நிழலில்தான் உலர்த்துவார், வெயில் பட்டால் வாசனை போய்விடுமாம். இன்னொரு சரக்கைத் தட்டி, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, இரண்டையும் கலந்து, விரித்த பயற்றின் மேல் தூவி, இரண்டு கையாலும் பிசறுவார். ஒரு மணி பாக்கி இல்லாமல் பொடி படவேண்டும் என்பது கணக்கு.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற உளுந்து தனி அறையில் தனியாக இருந்தது. அதில் வெறும் வேப்பிலை. "பொடி கலந்தது வாயிக்குப் போவக் கூடாது, அது விதைக்கு மட்டும்" என்று எனக்குச் சொன்னார். மூட்டைகளிலும் கரியால் பெரிதாக "விதை" என்று எழுதியிருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? பொடிக்கும் வண்டு சாகத்தானே செய்யும், அது மட்டும் பாவமில்லையா என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைப்பு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொடி கலப்பதற்கு முன்னால் பயற்றை இரண்டு தடவை சலிப்பாராம். அதில் வருகிற வண்டை முறத்தில் ஏந்திக்கொண்டுபோய், ஊருக்கு வெளியே வேலியோரம் விட்டுவிட்டு வருவாராம். "உள்ள இருக்கறப்ப போட்டா கொல்றது. யாரும் இல்லாதப்ப போட்டா, வராதீங்கன்னு சொல்றது. அதயும் மீறி வந்துச்சுன்னா நான் இன்னாங்க பண்றது? என்னால ஆனது அவ்ளோதான்."

பூச்சி நிர்வாகம் பற்றி நான் படித்த தடித்தடிப் புத்தகங்கள் எல்லாம் கடைசியில் சொல்வது இதைத்தான். வந்த பிறகு கொல்லாதே, வருவதற்கு முன் தடு. அது எனக்கு அங்கேயே உறைத்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

நான் மூட்டை மூட்டையாகக் குடைந்துகொண்டிருக்க, உள்ளேயிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. விருந்தாளி பட்டினி கிடக்கக் கூடாதே என்று அவர்களுக்கு அவசரம். "ஜல்தி கை கழுவுங்க சார், சூரியன் போவுது" என்று அனந்தமதியின் தம்பி என்னை இழுத்துப்போய் இலை முன்னால் உட்கார வைத்தார். வெங்காயம் இல்லாத சாம்பார் இவ்வளவு ருசிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதனால்தான் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அதனால்தான் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது, தம்பிக்குப் பிறந்து நாற்பது நாளே ஆன குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தின்னலாமாம்

இரண்டு நாள் கழித்துக் குழு கூடியது. தலைவர் பதிவேட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். வண்டு: இல்லை. ஈரம்: சரி. மருந்தின் பெயர்: சொல்ல மறுப்பு. அந்த வரியில் விரல் நின்றது.

"இன்னாங்க சார் இது? அந்தம்மா மறச்சுப் பேசற ஆளு இல்லியே."

"கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க" என்றேன். என் குரலில் அப்போது இருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

பேர் தெரியாத மருந்து போட்ட விதையை இத்தனை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, முளைக்காமல் போனால் யார் பதில் சொல்வது என்று தலைவர் கேட்டார். நியாயம்தானே? விதையாக வேண்டாம், பருப்பு மில்லுக்குப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் தலையாட்டினோம். பேர் தெரியாத மருந்து போட்டதை விதைக்கக் கூடாது, ஆனால் தின்னலாம் என்று பெரிய மனிதர்கள் பத்துப் பேர் எப்படி முடிவு செய்தோம் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "மில்லுல தோல் எடுத்துடுவாங்க" என்று சமாதானம் சொன்னது வேறு யாருமில்லை, இந்தப் பட்டதாரிதான். கரியில் "விதை" என்று எழுதியிருந்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

தலைவர் அனந்தமதிக்குப் போன் செய்தார். விதைக்குத் தேறவில்லை, மூன்றாம் நாள் காலையில் மூட்டைகளை எடுக்க வண்டி வரும் என்று மட்டும் சொன்னார். காரணத்தைச் சொல்லி அந்தம்மா மனதை நோகடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். காரணம் அவருக்கே தெரியும் என்பது எங்கள் எண்ணம். அந்தப் பக்கத்திலிருந்து, "சரிங்க" என்று ஒரு சொல்தான் வந்தது.

பட்டுக்குள் ஒரு முடிச்சு

வண்டி வருவதற்கு முந்தின நாள் சாயந்திரம். மேஜை மேல் ஒரு காகிதப் பொட்டலம், அனந்தமதி வீட்டிலிருந்து எடுத்துவந்த ஒரு சிட்டிகைப் பொடி. நாலு நாளாக அதை முகர்ந்து முகர்ந்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசனை தெரியும், பேர் தெரியவில்லை. பூச்சிகளின் லத்தீன் பேர் அத்தனையும் தெரிந்தவனுக்கு இது பெரிய இடி.

விளக்குப் போட்டாயிற்று. பின்பக்கம் தறி நின்று, பீரோ கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலிருந்த அந்த ஒரு முழ இடைவெளி வழியாக அதே வாசனை வந்தது. காரமும் இனிப்பும்.

பொட்டலத்தோடு எழுந்து ஓடினேன். மல்லிகா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கட்டப் பட்டுப் புடவை எடுத்துக்கொண்டிருந்தார். மடிப்புகளுக்கு நடுவே வெள்ளைத் துணியில் கட்டிய சின்னச் சின்ன முடிச்சுகள். நெய்கிறவர்கள் வீட்டில் அந்துருண்டை போட மாட்டார்கள், ஜரிகைக்கு ஆகாது என்பார்கள். இரண்டு வருஷமாக அந்த வாசனையைச் சுவாசித்துக்கொண்டே நான் கணக்கெழுதியிருக்கிறேன்.

"அந்த முடிச்சுல என்ன?" என்றேன்.

"இதுவா? பேர் சொல்லாதது" என்றார் மல்லிகா.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இங்கேயுமா? நீங்களும் சொல்ல மாட்டீர்களா, இதில் அப்படி என்ன ரகசியம், ஊரே சேர்ந்துகொண்டு என்னை ஏய்க்கிறதா என்று கத்தினேன். தனசேகர் கையில் டீ டம்ளரோடு வந்து நின்று என்னைக் கவலையோடு பார்த்தார்.

"சார், பேரே அதான்" என்றார்.

"எது?"

"பேர் சொல்லாதது. வெளக்கு வச்சப்புறம் அதோட நெசப் பேரச் சொல்ல மாட்டோம். சின்னக் கொழந்த இருக்கற வூட்ல பகல்லகூடச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அதோட சக்தி பூடும்னு. கொழந்த கையில கோத்துக் கட்டுவாங்களே, பாத்ததில்லியா?"

தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கை என் கண் முன்னால் வந்தது. காய்ந்த குச்சித் துண்டுக் காப்பு.

"வசம்பு!" என்று கத்திவிட்டேன்.

மல்லிகா காதைப் பொத்திக்கொண்டார். "நல்ல ஆளு போங்க. பீரோ மொத்தமும் வீணு."

வசம்பு எனக்குத் தெரியாதா? தேர்வில் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதன் வேரில் என்ன எண்ணெய், அந்த எண்ணெய் எந்த வண்டின் முட்டையை என்ன செய்யும், எல்லாம் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் கடைக்குட்டி நான். குழந்தை வளர்க்கும் வீட்டில் இருந்ததில்லை. இடிக்கும்போது அது எப்படி மணக்கும், அதைக் கூப்பிடாமல் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் தேர்வில் கேட்கவில்லை. அதை உரைத்துக் குழந்தை நாக்கில் தடவ வேண்டாம் என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள், அது வேறு விஷயம். கையில் கட்டுவதை யாரும் விடவில்லை.

அங்கேயே நின்றபடி யோசித்துப் பார்த்தேன். அனந்தமதி எதையுமே மறைக்கவில்லை. கேட்டவுடன் சொல்லியிருக்கிறார், அதுவும் இரண்டு தடவை. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால், படித்த மாத்திரத்தில் ராஜமாணிக்கத்துக்குப் புரிந்திருக்கும். இந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற யாருக்கும் புரிந்திருக்கும். நான் அவர் சொன்னதை எழுதவில்லை. எனக்குப் புரிந்ததை எழுதினேன்.

காலையில் வண்டி வந்துவிடும். தலைவருக்குப் போன் செய்வதற்கு முன்னால் அனந்தமதியை நேரில் பார்த்தாக வேண்டும். தனசேகர் ஒன்றும் கேட்காமல் மொபெட் சாவியை என் கையில் வைத்தார்.

மூன்று நாள்

நான் போய்ச் சேர்ந்தபோது அனந்தமதி மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். பத்து மூட்டையும் பிரித்திருந்தது. பக்கத்தில் முறங்கள், சல்லடைகள், நாலைந்து ஈரச் சாக்குச் சுருட்டல்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்றார். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"காலையிலதான வண்டி வருதுன்னாங்க" என்றார்.

உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், நான் எழுதியது, குழுவில் நான் பேசியது, பருப்பு மில். பருப்பு மில் என்றதும்தான் அவர் முகம் மாறியது. "சாப்பாட்டுக்கா? அய்யோ, அது வெதைக்குக் கலந்ததாச்சே."

"தெரியும். தப்பு என்னுது. தேறலைன்னு சொன்னப்ப ஏன் என்னன்னு நீங்க கேட்டிருக்கலாமே" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் என் புத்தி அப்படி.

அவர் ஒரு முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்: "நீங்க படிச்சவங்க. எழுதியிருந்தீங்கன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்ப தப்பு எங்கிட்டத்தான இருக்கணும்? மூணு நாளா ஒவ்வொரு மூட்டையா பிரிச்சுப் பாத்துகினு இருக்கேன். எங்க வுட்டேன்னு தெரியல."

இல்லாத குற்றத்தை அந்தப் பெண் மூன்று நாள் சல்லடை போட்டுத் தேடியிருக்கிறார். இன்றும் இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. அன்று வரவில்லை.

ஈரச் சாக்கில் ஒன்றை அவர் பிரித்துக் காட்டினார். முளைக்கிறதா என்று பார்க்க மூட்டைக்கு ஒரு பிடி எடுத்துச் சுருட்டி வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட அத்தனை மணியும் வெள்ளை வால் நீட்டிக்கொண்டு கிடந்தன. முளைக்காதவற்றை எண்ணினேன். ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. என் பக்திக்குரிய மாத்திரை போட்ட எந்த விதையிலும் இதைவிட நல்ல முளைப்பை நான் பார்த்ததில்லை.

நாலு எழுத்து

தலைவருக்கு உடனே போன் செய்ய வேண்டும். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். தூளிக்குப் பக்கத்தில்.

போய் நின்றேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் காப்பு. தலைவர் எடுத்ததும், வண்டியை நிறுத்துங்கள், விதை சுத்தம், முளைப்பைக் கண்ணால் பார்த்தேன், மருந்து பேரும் தெரிந்துவிட்டது என்றேன்.

"இன்னாதான் பேரு, சொல்லுங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். அனந்தமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், குழந்தையின் அம்மாவும் கதவோரம் வந்து நின்றுவிட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. பேர் சொன்னால் ஒரு வேரின் சக்தி போய்விடும் என்பதை நான் நம்புகிறவன் இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் நின்றுகொண்டு, அந்தப் பெண்ணுக்கு முன்னால், என் படிப்பை ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னேன்.

"பேர் சொல்லாதது, ஐயா" என்றேன். குரல் தானாகத் தணிந்தது.

மறுபக்கம் சிரிப்பு. இருமி இருமிச் சிரித்தார் ராஜமாணிக்கம். "அட, அதுவா. எங்க வூட்ல நாலு கொழந்தைக்கும் கட்டினதாச்சே. இத மொதல்லயே எழுதறதுக்கு இன்னாங்க?" என்றார். சிரித்து முடித்ததும், "அந்தம்மாகிட்ட நானே வந்து பேசறேன். வித அங்கயே இருக்கட்டும். வர்ற வருஷமும் அங்கயே இருக்கட்டும்" என்றார்.

அதை அனந்தமதியிடம் சொன்னேன். அவர் கீழே உட்கார்ந்து, பிரித்த மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்ட ஆரம்பித்தார். முந்தானையால் இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கு வாயைப் பிடித்துக் கொடுத்தேன். அந்த ஆடியில் அந்த விதைதான் எல்லார் நிலத்துக்கும் போனது. அதற்குப் பிறகு நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க, குழுவின் பயறு விதை அவர் பொறுப்பில்தான் இருந்தது. நானும் மாத்திரையைத் தேடவில்லை. வண்டை முறத்தில் ஏந்திக்கொண்டு வேலிவரைக்கும் நடக்கிற ஒருவரிடம் விதையைக் கொடுத்துவிட்டால், நிம்மதியாகத் தூங்கலாம் என்று கற்றுக்கொண்டிருந்தேன்.

பத்தாவது மூட்டையைக் கட்டியதும் பதிவேட்டை எடுத்தேன். "சொல்ல மறுப்பு" என்பதைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் சரியான பெயர் எழுத வேண்டும். பேனா நின்றது. எழுதலாமா என்று அவரைக் கேட்டேன்.

"எழுதுங்க, அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

நாலே எழுத்து. எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டு, சரிதானா என்று அவரிடம் நீட்டினேன். விளக்குப் பக்கம் சாய்த்துப் படித்துப் பார்த்தார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

"சரியா இருக்குதுங்க. சத்தமா மட்டும் படிச்சுடாதீங்க. கொழந்த தூங்குது."